சுவரைப் பார்த்த நாற்காலி

அக்கா யாருடைய கண்ணையும் பார்த்துப் பேசமாட்டார். வாயைத்தான் பார்ப்பார். ஆய்வு மாணவர் அறையில் முதல் நாள் எதிரெதிரே உட்கார்ந்து பேசியபோது, காலையில் சாப்பிட்ட தக்காளிச் சட்னி என் உதட்டோரம் ஒட்டியிருக்கிறது போல என்று கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து எனக்கு வாயே எரிந்துவிட்டது. "ஒண்ணுமில்லீங் சாமி, சுத்தமாத்தான் இருக்குது" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மனநல ஆலோசனைத் துறைக்கு ஆராய்ச்சி செய்ய வந்திருக்கிறவருக்கு, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசவேண்டும் என்கிற பாலபாடம்கூடவா தெரியாது?

எங்கள் துறை பல்கலைக்கழகத்தின் கடைசிக் கட்டடம். அதற்கப்புறம் வேலி, வேலிக்கு அப்பால் மரவள்ளிக் காடு. காற்றடித்தால் மரவள்ளி இலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாயும், பிறகு மெதுவாக நிமிரும். அதைப் பார்த்துக்கொண்டே பாதி நாள் போய்விடும். நான் சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து பஸ் பிடித்து வருவேன். அக்கா குமாரபாளையம் என்பதால் விடுதியில் தங்கியிருந்தார். இப்போது நினைத்தால் அந்த வருடங்கள் முழுவதும் ஒரே நீண்ட மத்தியானமாக இருந்தது போலத் தோன்றுகிறது.

அக்கா பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே ஊர்தான். இரண்டு வீட்டிலும் சுவருக்கு அந்தப் பக்கம் தறிப்பட்டறை. விசைத்தறி ஓடுகிற இடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. அதனால் யாரும் கத்துவதில்லை. குரலை விட்டுவிட்டு வாயை மட்டும் அசைத்துப் பேசுவார்கள். எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். "எங்கம்மா கூப்புட்டாக் கேக்காதுங் சாமி. திரும்பிப் பாத்தாத்தான் கேக்கும்" என்பார் அக்கா. அதைக் கேட்ட பிறகுதான் என் சட்னிக் கோபம் ஆறியது.

சத்தம் இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஊரில் கரண்ட் போய்த் தறிகள் நின்றால் தெருவே விழித்துக்கொள்ளுமாம், கைக்குழந்தை உட்பட. எங்கள் அறையில் ஒரு மின்விசிறி லொடலொடவென்று ஆடும். அதன் கீழே உட்கார யாருக்கும் தைரியம் கிடையாது. அக்கா மேசையை இழுத்து அதற்கு நேர் கீழே போட்டுக்கொண்டார். எலக்ட்ரீசியன் ஏணியோடு வந்தபோது, "அது பாட்டுக்கு இருக்கட்டுமுங்ணா, பேச்சுத்தொணையா இருக்குது" என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். மதியம் சாப்பிட்டுவிட்டு அந்த லொடலொடப்புக்குக் கீழே தலையைச் சாய்த்தால் போதும், குழந்தை மாதிரித் தூங்குவார். நான் காதைப் பொத்திக்கொண்டு படித்துக்கொண்டிருப்பேன்.

கேன்டீனில் கைகழுவும் இடத்தை ஒட்டிய மேசைதான் அவருடையது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவார்.

"ஏன்க்கா, செவுத்துல என்ன சினிமாவா ஓடுது?" என்று கேட்டேன்.

"இந்தப் பக்கம் திரும்பி உக்காந்தா எல்லாரும் பேசறது வந்து உழுகுதுங் சாமி. நமக்கெதுக்கு ஊராஊட்டுச் சோலி?"

"அந்தக் கோடி மேசையில பேசறதுகூடவா?"

"பாத்தா உழுந்துரும்."

எனக்கு ஆசை வந்துவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து எங்கள் துறைத்தலைவர் அந்தக் கோடி மேசையிலிருந்து என் பக்கம் கையைக் காட்டி யாரிடமோ என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். "அக்கா, அக்கா, ஒரே ஒரு தடவை திரும்புங்க. என்னைப் பத்தி என்ன சொல்றார்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினேன். அக்கா தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அது எங்கிட்டச் சொன்னதில்லீங்களே" என்றார்.

அவ்வளவுதான் அக்கா. இதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை என்றுகூடச் சொல்லலாம். தன்னிடம் சொல்லாத ஒன்று அவர் கண்ணில் பட்டாலும் அவரைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை. தன்னிடம் சொன்னது அவரைத் தாண்டிப் போகாது. விடுதிப் பெண் ஒருத்தி பஸ் நிறுத்தத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழு அழு என்று அழுதாள். வார்டன் வந்து என்ன விஷயம் என்று குடைந்தபோது, "மழ வருமா வராதான்னு பேசிட்டிருந்தமுங்க" என்றார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

உண்மையைச் சொன்னால் ஆரம்பத்தில் எனக்கு அவரிடம் ஒரு பயம் இருந்தது. அறையின் மறுமுனையில் நின்று அம்மாவிடம் போனில் பேசும்போதுகூட வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினேன். அதை அக்கா கவனித்திருக்க வேண்டும். மறுநாளே மேசையை அப்படியே திருப்பிப் போட்டு, முதுகை எனக்குக் காட்டி உட்கார்ந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

எங்கள் இருவருக்கும் நெறியாளர் ஒரே மேடம்தான். நறுக்கென்று இங்கிலீஷ் பேசுவார். தமிழ் பேசினாலும் அது செய்தி வாசிப்பது போல இருக்கும். அவருக்குச் சொந்த ஊர் சென்னை என்று சிலர் சொன்னார்கள், பெங்களூரு என்று சிலர். ஜன்னலுக்கு முதுகு காட்டி அவர் முன்னால் உட்கார்ந்துவிடக் கூடாது. "வெளிச்சத்துக்கு எதிர்ல வந்து உட்காரு" என்பார். அவரும் கேன்டீனில் தனியாகத்தான் சாப்பிடுவார், எங்கள் எல்லாருக்கும் முதுகைக் காட்டி, எதிர்ச்சுவரைப் பார்த்து. "மனுசங்களோட உக்காந்து சாப்பிட்டாக் கிரீடம் எறங்கிடுமா? பெரிய இவங்க!" என்று நான் பொருமுவேன். அக்கா மட்டும், "அவங்க பாட்டுக்கு உக்காந்திருக்கறாங்க, உடுங் சாமி" என்பார்.

விசைத்தறி ஓட்டுகிற பெண்கள் தங்கள் மனக்கஷ்டத்தை யாரிடம், எப்படி இறக்கி வைக்கிறார்கள் என்பதுதான் அக்காவின் ஆய்வு. கல்லூரியில் ஆசிரியை ஆகவேண்டும் என்பது அவர் கனவு. கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு படிக்க வந்தவர். ஏற்கெனவே கெடுவை நீட்டி நீட்டிக் கடைசி நீட்டிப்பில் நின்றுகொண்டிருந்தார். இந்தத் தடவை ஆய்வுக்குழு ஒத்துக்கொள்ளாவிட்டால் பதிவே ரத்து, இத்தனை வருட உழைப்பும் போச்சு.

முதலில் அந்தப் பெண்களை வேனில் வைத்து எங்கள் துறைக்கே அழைத்து வந்தோம். துறையில் ஆலோசனை அறை ஒன்று உண்டு. ஏசி, மெத்தை சோபா, மேசைமேல் கண் துடைக்கக் காகிதப் பெட்டி, வெளிச்சத்தம் உள்ளே வராத கதவு. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்கள். "நல்லாருக்கறனுங்க. ஒரு கொறையுமில்லீங்க." எல்லாரிடமும் இதே பதில். ஒரு அம்மா மட்டும் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்க, இங்க பேசுனா வெளிய கேக்காதுங்களா?"

"யாருக்கும் கேக்காதுங்க" என்றார் அக்கா.

"எனக்கே கேக்குதுங்களே!" என்றார் அந்த அம்மா. அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

பின்மதியம் அவர்களைத் திருப்பிக் கொண்டுவிடும்போது நானும் கூடப் போனேன். சங்ககிரி தாண்டி வேன் இரைந்துகொண்டு போனது. அக்கா முன் சீட்டில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். இன்ஜின் இரைச்சலில் அந்த அம்மாவின் உதடுகள் அசைய ஆரம்பித்தன. அக்காவைத்தான் பார்த்துப் பேசினார், குரல் இல்லாமல். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் வேனுக்குள் என்னவோ பெரிதாக நடந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

அதற்குப் பிறகு அக்கா தன் ஆய்வைத் தறிப்பட்டறைக்கே கொண்டுபோய்விட்டார். தறிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். பேசுகிறவரின் மூக்குக்குக் கீழே, மோவாய் வரை மட்டும் தெரிகிற மாதிரி போனைச் சாய்த்து வைத்துப் படம் பிடிப்பார். முகம் விழக்கூடாது என்று அந்தப் பெண்களே கேட்டுக்கொண்டார்கள். பிறகு அறையில் உட்கார்ந்து, ஓடுகிற வாயைப் பார்த்துப் பார்த்து எழுதுவார்.

ஒரு தடவை நானும் அந்தப் பட்டறைக்குப் போனேன். உள்ளே கால் வைத்ததும் சத்தம் காதில் நுழையவில்லை, உள்ளங்கால் வழியாக ஏறியது. கொஞ்ச நேரத்தில் அதுவே நிசப்தம் போல ஆகிவிட்டது. டியூப்லைட் வெளிச்சத்தில் பஞ்சுத்தூசி மிதந்தது. பெண்கள் தறிக்கும் தறிக்கும் இடையே நடந்தார்கள், சிரித்தார்கள், உதட்டைப் பெரிதாக விரித்து என்னென்னவோ பேசினார்கள். தண்ணீருக்குள் உட்கார்ந்து பார்ப்பது போல இருந்தது. எனக்கும் வாய் தானாகத் திறந்தது. "அப்பா போனதுக்கு நான் இன்னும் அழவேயில்ல" என்று சொன்னேன். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, சும்மா, காற்றுக்குச் சொன்னேன். எதிரே நின்ற அக்கா சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவரைத் தொட்டுத் திருப்பி, அவர் முகத்துக்கு நேராக இன்னொரு தடவை சொன்னேன். அப்போதுதான் என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுதேன், நன்றாக அழுதேன்.

அக்கா தன் பேட்டிக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் திடீரென்று கரண்ட் போயிற்று. எல்லாத் தறியும் நின்றது. எல்லா வாயும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டது. அக்காவிடம் பேசிக்கொண்டிருந்த பெண் பாதி வார்த்தையில் நிறுத்தி, "டீ குடிக்கறீங்களா?" என்று குரல் எடுத்துக் கேட்டார். டீ குடித்தோம். கரண்ட் வந்தது. தறிகள் ஓடத் தொடங்கியதும் அந்தப் பெண் ஸ்டூலுக்கு வந்து, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்.

இதெல்லாம் சரிதான். ஆனால் ஆராய்ச்சிக்கு ஒரு முறை உண்டே! ஒருவர் வாயைப் பார்த்து எழுதியதை, இன்னொருவர் தனியாகப் பார்த்துச் சரி என்று சொல்லவேண்டும். மேடம் மாதக்கணக்கில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். "இரண்டாவது ஆள் எங்கே?" அக்கா, "பாக்கறனுங் மேடம்" என்பார்.

"ஊர்ல இருக்கற உங்க தங்கச்சிய உக்கார வச்சுப் பாக்கச் சொன்னா ஆச்சு. இதுக்குப் போய்..." என்றேன் நான்.

"அவளுக்கு அந்த வாய் யாருதுன்னு தெரிஞ்சுருமே சாமி. எங்கூர்ல வாயப் பாத்து யாருன்னு சொல்லாத ஆளு யாரு இருக்கறாங்க? யாருக்கும் தெரியாதுன்னு சொல்லித்தான நான் பேச வச்சேன்."

ஊர்க்காரர்களுக்கு ஆளைத் தெரிந்துவிடும், மற்றவர்களுக்கு வாயைப் படிக்கத் தெரியாது. எங்கே போவது இரண்டாவது ஆளுக்கு? நான்தான் தூங்காமல் கிடந்தேன். அக்கா வழக்கம்போல மின்விசிறிக்குக் கீழே தூங்கினார்.

ஆய்வுக்குழு கூடியது. துறைத்தலைவர், மேடம், வெளியூரிலிருந்து வந்த நிபுணர். லேப்டாப்பை இயக்கும் வேலை எனக்கு. நிபுணர் மூலப் பதிவைப் போடச் சொன்னார். போட்டேன். அறை முழுக்க டக்கடக் டக்கடக் என்று தறிச் சத்தம். திரையில் ஒரு வாய்.

"நிறுத்தும்மா, நிறுத்து! இதுல என்ன கேக்குது? இதை வச்சா பக்கம் பக்கமா எழுதியிருக்கீங்க?" என்றார் நிபுணர்.

"வாயப் பாத்து எழுதுனதுங்க" என்றார் அக்கா.

"நீங்களா எழுதிக்கலைன்னு நான் எப்படி நம்பறது? இன்னொருத்தர் பாத்தாங்களா?"

"இல்லீங்க."

நிபுணரும் துறைத்தலைவரும் அறையின் கோடிக்குப் போய் நின்று தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அக்காவின் தலையெழுத்து அங்கே எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குத் தெரியும், பதிலை யோசித்து வைத்துக்கொள்ளலாம். அக்கா முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டார். 'அட பாவி அக்கா, இன்னைக்காவது திரும்பேன்!' என்று எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

அவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். துறைத்தலைவர் தொண்டையைச் செருமினார். அதற்குள் மேடம் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"சவுண்டை எடுத்துட்டுப் போடு. நான் பார்க்கிறேன்."

"நீங்களா மேடம்?" என்றார் துறைத்தலைவர்.

"எனக்கு ஜலகண்டாபுரம் பக்கம். குமாரபாளையத்துல யாரையும் தெரியாது. ப்ளஸ் டூ முடிக்கிறவரைக்கும் தறி ஓட்டினவ நான்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

நிபுணர் லேசில் விடுகிற ஆள் இல்லை. "நீங்க கைடு. எல்லாத்தையும் ஏற்கெனவே படிச்சிருப்பீங்களே" என்றார். அக்கா பையிலிருந்து கையால் எழுதிய சில தாள்களை எடுத்து அவரிடம் கொடுத்தார். போன வாரம் எடுத்த பேட்டி, இன்னும் மேடத்துக்குக் காட்டாதது. நிபுணர் தாளை மேடம் பார்க்க முடியாதபடி பிடித்துக்கொண்டார். நான் படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டேன்.

திரையில் வாய் அசைந்தது. கீழுதட்டில் ஒரு பஞ்சிழை ஒட்டியிருந்தது. மேடம் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார். அது செய்தி வாசிக்கிற தமிழ் இல்லை.

"காத்தால தறிக்கு வந்தாத்தானுங்க எனக்கு மூச்சே வருது... ஊட்ல ஒண்ணு சொன்னா எதுத்து ஒம்பது பேசறாங்க... தறி எதுத்துப் பேசாதுங்களே... எங்க ஊட்டுக்காரரு நல்ல மனுசந்தானுங்க. ஆனா எம்பட மனசுல என்ன இருக்குதுன்னு ஒரு நாளுங் கேட்டதில்ல..."

நிபுணரின் விரல் தாளில் வரி வரியாக இறங்கியது. அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. மேடத்தின் குரலும் மாறியது. யாரோ ஒரு இளம்பெண் பேசுவது போல இருந்தது.

"...இத மட்டும் எழுதிப்போடாதீங் சாமி" என்று சொல்லிவிட்டு மேடம் நிறுத்தினார்.

திரையில் வாய் நிற்கவில்லை. அது மேலும் மேலும் அசைந்தது. துடித்தது. பல்லைக் கடித்தது, மறுபடி திறந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க? இப்பத்தானே நிறையப் பேசறாங்க. என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் துறைத்தலைவர்.

மேடம் எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கித் திருப்பி, சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அது எங்கிட்டச் சொன்னதில்லீங்களே" என்றார்.

நிபுணர் தன் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அதே இடத்தில் அக்காவின் கையெழுத்தும் நின்றிருந்தது. 'பேசியவர் எழுத வேண்டாம் என்றார்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே வெறும் வெள்ளைத் தாள். நிபுணர் அதை மடித்து அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம்" என்றார்.

வராந்தாவுக்கு வந்ததும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "மேடத்துக்குத் தெரியும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும், அப்படித்தானே?"

"மொத நாளே தெரியுமுங் சாமி. அவங்களும் எம்பட வாயத்தான பாத்தாங்க."

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அவங்களா சொல்லோணுமுங்க. நாம சொன்னா நல்லாவா இருக்கும்?"

"சொல்லாமயே இருந்திருந்தா? உங்க படிப்பு என்ன ஆகியிருக்கும்?"

"போயிருக்கும்" என்றார், பஸ் போயிருக்கும் என்பது போல. எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முதுகில் ஒரு அடி வைத்தேன். சிரித்தார்.

அக்கா இப்போது ஒரு கல்லூரியில் ஆசிரியை. நான் கடைசியாக மனதில் வைத்திருப்பது அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் மதியத்தை. மேடம் தன் தட்டை எடுத்துக்கொண்டு கேன்டீனைக் குறுக்கே கடந்து, கைகழுவும் இடத்துப் பக்கம் வந்தார். அக்கா எழுந்து நின்றார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒரு சத்தம் இல்லை, இரண்டு பேருடைய வாயும் அசைந்துகொண்டே இருந்தது. மேடம் தோள் குலுங்கச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பக்கத்து மேசையில் எனக்கு இடம் இருந்தது. நான் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய், நாற்காலியைத் திருப்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன்.